பணம் போய்விட்டது, பக்கம் திரும்பவில்லை

அந்த வெள்ளிக்கிழமை பன்னிரண்டேகாலுக்கு வந்த அழைப்பில் எனக்கு மூன்று தகவல்கள் கிடைத்தன. பணம் கட்டியாயிற்று. பணம் போய்விட்டது. கம்ப்யூட்டர் மறுபடியும் கட்டச் சொல்கிறது. யார், எங்கே, எதற்கு என்பது எதிலும் இல்லை.

"யார் பேசறீங்க?"

"நான்தான் மேடம்."

"நான்தான்னா?"

"பொண்ணோட நைனா."

"எந்தப் பொண்ணு?"

"நர்சு படிக்கப் போவுதே, அது."

இருபத்திரண்டு வருடம் ஒரு தமிழ் நாளிதழில் மாவட்டச் செய்திகளைத் திருத்தினேன். சித்தூருக்கென்று இருந்த பக்கத்தை நிறுத்தியபோது என்னையும் நிறுத்தினார்கள். இப்போது திருப்பதியில் ஒரு சின்ன வெப்சைட் நிறுவனத்தில் வேலை. கல்லூரிகள், கல்யாண மண்டபங்கள், லாட்ஜுகள் ஆகியவற்றின் வெப்சைட்டுகளுக்கு வாசகங்கள் எழுதுவேன்; உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகளை எடுப்பேன். திங்கள் முதல் வியாழன் வரை சித்தூரிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். வெள்ளிக்கிழமை மட்டும் வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று முதலாளி அனுமதித்திருந்தார். சம்பளம் உயர்த்தாததற்கு அது ஈடு.

போனை மகள் வாங்கிக்கொண்டாள். அவள் பேச்சில் ஒழுங்கு இருந்தது. விண்ணப்ப எண்ணைச் சொன்னாள். திருப்பதியில் எந்தக் கல்லூரி என்று சொன்னாள். அது எங்கள் நிறுவனம் வெப்சைட் செய்து கொடுத்த நர்சிங் கல்லூரி. இடம் ஏற்கெனவே கிடைத்துவிட்டது. இன்று கட்டியது ஆஸ்டல் முன்பணம்.

விவரம் எனக்குத் தெரியும், அந்த அறிவிப்பை எழுதியதே நான். பெண்கள் விடுதியில் நாற்பது கட்டில். வெள்ளி காலை ஒன்பது மணிக்குக் கட்டணப் பக்கம் திறக்கும், மாலை ஐந்துக்கு மூடும். பணம் கட்டிய நேர வரிசைப்படி முதல் நாற்பது பேருக்குக் கட்டில். மற்றவர்களுக்குக் காத்திருப்புப் பட்டியல், பணம் திரும்ப வரும். ஐந்து மணிக்குப் பட்டியல் பூட்டப்படும். பிறகு யாராலும் மாற்ற முடியாது. இந்தக் கடைசி வாக்கியத்தைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தேன்.

"ஊர் எது?"

"பங்காருபாளையத்துக்கு அந்தாண்ட மேடம். ரோட்டுலேர்ந்து உள்ள நாலு கிலோமீட்டர். ஆஸ்டல் கெடைக்கலைன்னா எங்கம்மா அனுப்பாது. தெனம் திருப்பதி போய்கினு வந்துகினு இருக்க முடியாது, பேசாம உட்டுடுன்னு அப்பவே சொல்லிடுச்சி."

கல்லூரியின் பட்டியலைத் திறந்து அவள் எண்ணைப் போட்டேன். பணம் செலுத்தப்படவில்லை என்று வந்தது. வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியைப் படிக்கச் சொன்னேன். படித்தாள். கணக்கிலிருந்து பணம் போயிருந்தது, கட்டண நிறுவனத்தின் பெயரும் இருந்தது. அதாவது வங்கி கட்டியது என்கிறது, எங்கள் வெப்சைட் கட்டவில்லை என்கிறது.

திருப்பதி ஆபீசில் இருக்கும் புரோகிராமரைக் கூப்பிட்டேன். எங்கள் நிறுவனத்தில் அவர் ஒருவர்தான் புரோகிராமர். அவர் தெலுங்கில் பேசுவார், நான் தமிழில் பதில் சொல்வேன். மூன்று வருடமாக இப்படித்தான். இருவருக்கும் இதுவரை சிரமம் வந்ததில்லை.

"நம்ம சைடு எல்லாம் ஓகே மேடம்" என்றார். இந்தப் பதிலை அவர் போனை எடுக்கும் முன்பே தயாராக வைத்திருப்பார். "பணம் கட்டினதும் பக்கத்தை மூடியிருப்பாங்க. எல்லாரும் செய்யறதுதான்."

அதில் நியாயம் உண்டு. இணையத்தில் பணம் கட்டும்போது, எங்கள் பக்கத்திலிருந்து கட்டண நிறுவனத்தின் பக்கத்துக்குப் போகிறீர்கள். அங்கே பணம் கட்டியதும் அந்த நிறுவனம் உங்களை எங்கள் பக்கத்துக்கே திருப்பி அனுப்புகிறது. அந்த வருகையை வைத்துத்தான் எங்கள் வெப்சைட் ரசீது போடுகிறது. திரும்பும் முன்பே மூடிவிட்டால் ரசீது இல்லை. மெசேஜ் சத்தம் கேட்டதும் மூடிவிட்டு எழுந்து போகிறவர்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது உண்டு.

மறுபடி அந்தப் பெண்ணின் எண்ணுக்குப் பேசினேன். அவர்கள் சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு நெட் சென்டரில் இருந்தார்கள். கடைக்காரரிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன்.

"பக்கத்தை மூடினீங்களா?"

"நான் எதுக்கு மேடம் மூடறேன்? பதினாலு வருசமா கடை வெச்சிருக்கேன்."

"பணம் கட்டினதும் திரையில என்ன வந்தது?"

"ஏதோ வந்தது. சுத்திச்சி. அப்பால மொதல்ல வர்றது வந்திச்சி."

"மொதல்ல வர்றதுன்னா?"

"அதான் மேடம், மொதல்ல வருமே, அது."

பத்திரிகையில் இருந்தபோது ஒரு பகுதி நிருபர் இப்படித்தான் செய்தி கொடுப்பார். வண்டி வந்தது, மோதியது, போனது. எந்த வண்டி என்று கேட்டால், மோதின வண்டி என்பார். அவரிடம் எரிந்து விழுந்து பயன் இல்லை என்று அப்போதே தெரிந்துகொண்டேன். நேரில் போய்ப் பார்ப்பதுதான் வழி. நெட் சென்டர் என் வீட்டிலிருந்து பதினைந்து நிமிட நடை. சோறு வடித்து வைத்திருந்தேன். மூடி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

செருப்புக் கடைக்கு மேலே, குறுகலான படி. மூன்று கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ், ஒரு லேமினேஷன் மெஷின். அந்த மெஷினின் சூட்டில் அறையே காய்ந்துகொண்டிருந்தது. தகப்பனார் வாசலிலேயே நின்றார். பங்காருபாளையம் மாங்காய் மண்டியில் லோடு ஏற்றும் வேலை, அதோடு ஒன்றரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்து வேர்க்கடலை போடுகிறார் என்று பிறகு சொன்னார். மாங்காய்ப் பால் பட்டு விரல் இடுக்குகள் கருத்து, அங்கங்கே தோல் உரிந்திருந்தது. மகள் சான்றிதழ்கள் வைத்த பிளாஸ்டிக் உறையை மடியில் வைத்து, அதன் மேல் இரண்டு கையையும் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

கடைக்காரருக்கு என்னைப் பார்த்ததும் ஏமாற்றம். "நீங்களா மேடம்? பெரிய ஆபீசருன்னு நெனச்சேன்."

"உங்க கம்ப்யூட்டர்ல இன்னிக்குத் திறந்த பக்கங்களோட வரலாறு இருக்கும். அதைக் காட்டுங்க."

காட்டினார். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். 10:08 எங்கள் வெப்சைட்டில் நுழைவு. 10:21 கட்டண நிறுவனத்தின் பக்கம். 12:04 எங்கள் வெப்சைட்டின் திரும்பும் பக்கம். அதே 12:04, நுழைவுப் பக்கம். மொதல்ல வர்றது என்றால் அதுதான்.

யாரும் எதையும் மூடவில்லை. பணம் கட்டி, திரும்பி வந்து, வாசலில் மறுபடி பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு நிறுத்தப்பட்டிருக்கிறார்கள். ஆனால் என் கண் வேறு இடத்தில் நின்றது.

"பத்து இருபத்தொண்ணுக்குப் பணம் கட்டற பக்கம் வந்துடுச்சு. பன்னெண்டு நாலு வரைக்கும் என்ன பண்ணீங்க?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தினசரி காலண்டர் தொங்கிய சுவரைக் கடைக்காரர் மோவாயால் காட்டினார்.

"வெள்ளிக்கெழம மேடம். பத்தரைலேர்ந்து பன்னெண்டு ராகு காலம்."

"பத்தரைக்குத்தானே? ஒன்பது நிமிஷம் இருந்ததே. கட்டியிருக்கலாமே?"

தகப்பனார் வாசலிலிருந்து பதில் சொன்னார். எனக்கு விளங்கவில்லையே என்ற வருத்தம் அவர் குரலில் தெரிந்தது. "ஒம்பது நிமிசத்துல முடியலைன்னா? நெட்டு சுத்திக்கினே கெடந்தா? துட்டு பாதி வழியில போய்கினு இருக்கசொல்ல ராகு காலம் புட்ச்சிக்கும் மேடம்."

"அப்ப பக்கத்தை மூடிட்டு, பன்னெண்டுக்கு மேல புதுசா ஆரம்பிச்சிருக்கலாமே?"

"மூடினா எடம் பூடுமே" என்றார் கடைக்காரர். "வரிசப்படிதான் கட்டிலுன்னு நீங்களே போட்டுக்கீறீங்க. பஸ்சு வந்ததும் சன்னல் வழியா துண்டு போடறோமில்ல, அந்த மாதிரி பக்கத்தைத் தொறந்து போட்டு வெச்சேன். நல்ல நேரம் வந்ததும் கட்டிக்கலாம். எடமும் நம்மளது, நேரமும் நம்மளது."

சொல்லிவிட்டு, பாராட்டை எதிர்பார்ப்பது போல் என்னைப் பார்த்தார்.

ஒன்றே முக்கால் மணி நேரம். எங்கள் புரோகிராமர் எத்தனையோ வகை மனிதர்களை நினைத்துப் பார்த்திருப்பார். கடவுச்சொல்லை மறப்பவர், இரண்டு முறை அழுத்துபவர், பின்னால் போகும் பொத்தானைத் தட்டுபவர். கட்டணப் பக்கத்தில் துண்டு போட்டுவிட்டு ராகு காலம் கழியக் காத்திருப்பவர் அவர் பட்டியலில் இல்லை. திருப்பதியில் பிறந்து வளர்ந்த மனிதர். அவர் வீட்டிலேயே ராகு காலத்தில் பால் கணக்குக்கூடத் தீர்க்கமாட்டார்கள். ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் வாடிக்கையாளர்கள் வேறு ஏதோ தேசத்தில் வசிப்பதாக நினைத்துக்கொள்வார்.

அவரைக் கூப்பிட்டபோது ஒன்றரை. சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நேரங்களைப் படித்தேன். முதலில் சிரித்தார். பிறகு யோசித்தார். "அரை மணிக்கு மேல சும்மா இருந்தா லாகின் போயிடும் மேடம். செக்யூரிட்டி."

"அப்ப கட்டணப் பக்கமும் போயிருக்கணுமே? அது எப்படி பன்னெண்டு மணிக்கும் பணம் வாங்கிச்சு?"

"அதை ஒரு நாள் வரைக்கும் திறந்திருக்கிற மாதிரி வெச்சேன். கிராமத்துல நெட் மெதுவா வருது, பக்கம் சீக்கிரம் காலாவதியாகுதுன்னு போன வருஷம் புகார் வந்துச்சே? நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னது நான்தான். ஒரு கதவை நாள் முழுக்கத் திறந்து வைக்கச் சொன்னேன். அடுத்த கதவு அரை மணியில் சாத்திக்கொள்ளும் என்பதைக் கேட்காமல் விட்டேன்.

"சரி. பணம் கட்டிட்டுத் திரும்பி வரும்போது, இன்னாருடைய பணம் வந்துடுச்சுன்னு கட்டண நிறுவனம் தகவல் குடுத்துத்தானே அனுப்புது?"

"ஆமா."

"அந்தத் தகவலை நம்ம பக்கம் என்ன பண்ணுது?"

"முதல்ல லாகின் இருக்கான்னு பாக்கும். இல்லைன்னா லாகின் பக்கத்துக்கு அனுப்பிடும்."

"தகவல்?"

"அது… போயிடும் மேடம்."

ஒரு நாளிதழ் ஆபீசைக் கற்பனை செய்துகொண்டேன். தீ விபத்தைப் பார்த்துவிட்டு ஓடி வரும் நிருபரை ஆபீஸ் வாசலில் காவலாளி நிறுத்துகிறார். அடையாள அட்டை இல்லை, வீட்டுக்குப் போய் எடுத்து வா என்கிறார். எடுத்துக்கொண்டு வருவதற்குள் நாளிதழ் அச்சாகிவிடுகிறது, தீ விபத்து நடக்கவில்லை என்று. இதைப் புரோகிராமரிடம் சொன்னேன். அவர் மோர் குடிக்கும் சத்தம் கேட்டது.

"நிருபர் வரலைன்னா தீயணைப்பு நிலையத்துக்குப் போன் பண்ணிக் கேப்போம். நம்ம கம்ப்யூட்டர் அந்த மாதிரி நேரடியா கட்டண நிறுவனத்தைக் கேக்க முடியாதா?"

"முடியும். நம்பர் குடுத்துக் கேட்டா சொல்லும். அவங்களே நம்மகிட்ட வந்து சொல்ற வழியும் இருக்கு."

"அப்புறம் ஏன் செய்யலை?"

"இரண்டாம் கட்டம் மேடம். கொட்டேஷன்ல இரண்டாம் கட்டத்துல இருக்கு. கல்லூரிக்காரங்க முதல் கட்டம் மட்டும் போதும்னாங்க."

"முதலாளியைக் கேளுங்க."

"அவர் மலைக்குப் போயிருக்கார். போனை டெபாசிட் பண்ணிட்டு க்யூவில நிக்கறார். ராத்திரிதான் இறங்குவார்."

அவரிடம் ஒரு தீர்வு இருந்தது: அரை மணியை மூன்று மணி நேரமாக்கிவிடலாம். யாருக்குப் பயன் என்று கேட்டேன். இனிமேல் வருகிறவர்களுக்கு என்றார். இந்தப் பெண்ணுக்கு? மறுபடி கட்டச் சொல்லுங்கள், முதலில் கட்டியது ஏழு வேலை நாளில் திரும்பிவிடும் என்றார்.

கடைக்காரரும் அதையே சொன்னார். "இன்னொரு தபா தட்டிடலாம் மேடம். இப்ப நல்ல நேரம்தான்."

"இன்னொரு தபா தட்ட எங்க கீது?" என்றார் தகப்பனார். "மண்டியில முன்கூட்டி வாங்கிகினு வந்தது. அதுதான் பூட்ச்சே."

கல்லூரி அலுவலகத்தில் இருக்கும் அம்மாளைக் கூப்பிட்டேன். நிதானமானவர். விதி என்று ஒன்று எழுதப்பட்டால் அதைவிட்டு நகராதவர். இதுவரை எத்தனை பேர் என்று கேட்டேன். நாற்பத்து மூன்று என்றார். ஆக, இப்போது மறுபடி கட்டினாலும் அவளுக்குக் காத்திருப்புப் பட்டியல்தான். வங்கிக் குறுஞ்செய்தியை அனுப்பினால் ஏற்றுக்கொள்வீர்களா என்றேன்.

"மெசேஜெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. உங்க வெப்சைட் குடுக்கற லிஸ்ட்தான் என் லிஸ்ட். அதுல பேர் இருந்தா கட்டில். இல்லைன்னா இல்லை. அஞ்சு மணிக்கு பிரிண்ட் எடுத்து பிரின்சிபால் கையெழுத்து."

வங்கிக்குத் தெரியும். கட்டண நிறுவனத்துக்குத் தெரியும். எனக்கும், புரோகிராமருக்கும், செருப்புக் கடைக்கு மேலே இருக்கும் மூன்று பேருக்கும் தெரியும். தெரியாத ஒரே இடம் எங்கள் வெப்சைட். அது சொல்வதுதான் செல்லும்.

மகள் பிளாஸ்டிக் உறையிலிருந்து கையை எடுக்காமல் கேட்டாள். "மேடம், நான் லாகின் பண்ணி உள்ள போய்ப் பாத்தேன். பணம் கட்டவும்னு சிவப்புல வந்திச்சி. நான் எதுனா தப்பா அமுக்கிட்டேனா?"

"நீ எதையும் தப்பா அமுக்கலை."

"எங்கம்மாவுக்கு இன்னும் சொல்லல. சொன்னா சரி வந்துடுன்னு சொல்லும். அது சந்தோசமாவே சொல்லும்."

இரண்டே முக்காலுக்கு, கடைக்காரரின் கம்ப்யூட்டரிலேயே, புரோகிராமருக்கு மின்னஞ்சல் எழுதினேன். கட்டணம் நிலுவை என்று நிற்கும் எல்லா எண்களையும் கட்டண நிறுவனத்திடம் நேரடியாகக் கேட்டுச் சரிபார்க்கவும்; இது இரண்டாம் கட்ட வேலை என்று எனக்குத் தெரியும்; முதலாளி கேட்டால் நான் சொல்லிச் செய்ததாகச் சொல்லவும். கீழே பெயர், நேரம். எழுத்தில் வந்ததும் அவர் குரல் மாறியது. கையெழுத்துப் போட இன்னொருவர் கிடைத்தால் வேகமாக வேலை செய்யும் மனிதர் அவர். அரை மணியில் முடித்துவிடுகிறேன் என்றார்.

அரை மணி ஒன்றே முக்கால் மணியானது. இடையில் ஒரு முறை, கட்டண நிறுவனத்திடம் விவரம் கேட்பதற்கான சாவி எண் பழையது என்று செய்தி வந்தது. இன்னொரு முறை, புதிய எண் கிடைத்துவிட்டது, ஆனால் முதலாளியின் போனுக்குத்தான் ஓடிபி போகும் என்று வந்தது. போன் மலையில் லாக்கரில் இருந்தது. பிறகு முதலாளியின் மனைவி வீட்டிலிருந்த டேப்லெட்டில் அதே ஓடிபி வருகிறது என்று கண்டுபிடித்தார்கள்.

நான்கு மணிக்குத் தகப்பனார் கீழே போய் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார். எனக்கு மட்டும் தனியாக ஒரு பாக்கெட் பிஸ்கட்.

"துன்னுங்க மேடம். சாப்பிடாம வந்துக்கீறீங்க, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

"உங்களை யாரு இவ்வளவு செலவு பண்ணச் சொன்னது?"

"பத்து ரூபா பிஸ்கட்டு மேடம். இது ஆன்லைன் இல்ல, குடுத்ததும் கைல வந்துடுச்சி."

கடைக்காரர் சிரித்தார். தகப்பனார் சிரிக்கவில்லை. மகளும் சிரிக்கவில்லை, சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

4:31க்குப் போன் வந்தது. "வந்துடுச்சு மேடம். மொத்தம் நாலு பேர். நாலு பேருக்கும் பணம் வந்திருக்கு, நம்மகிட்ட நிலுவைன்னு நின்னிருக்கு."

"நாலு பேர் எத்தனை மணிக்குக் கட்டியிருக்காங்க?"

படித்தார். பன்னிரண்டு இரண்டு, பன்னிரண்டு நான்கு, பன்னிரண்டு ஏழு, பன்னிரண்டு பதினொன்று. படித்து முடித்ததும் தானாகவே, "அய்யோ ராமா" என்றார். மாவட்டத்தின் வேறு மூன்று மூலைகளிலும் துண்டு போட்டுவிட்டுக் காத்திருந்திருக்கிறார்கள்.

பட்டியலைப் புதுப்பித்தேன். அவள் பெயருக்கு எதிரே பணம் செலுத்தப்பட்டது என்று பச்சையில் வந்தது. மகள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். நான் அதற்குப் பக்கத்துக் கட்டத்தைப் பார்த்தேன். செலுத்திய நேரம், 4:31. வரிசை எண் நாற்பத்தேழு.

"நேரம் தப்பா இருக்கு."

"தப்பில்லை மேடம். நம்ம சிஸ்டத்துல ஏறின நேரம் அதுதான். அது தானா விழும்."

"அவ கட்டினது பன்னெண்டு நாலுக்கு."

"நீங்க கேட்டது வரணும்னு. வந்துடுச்சே?"

"நாற்பத்தேழாவதா வந்தா வராததுக்குச் சமம். நாற்பது கட்டில்தான்."

"நேரம் விழற இடத்துல கை வெச்சா லிஸ்ட் முழுக்க ஆடிடும். அஞ்சு மணிக்கு இருபத்தேழு நிமிஷம்தான் இருக்கு. எனக்கு பயமா இருக்கு மேடம்."

முதல் முறையாக ஒரு உண்மையான காரணம் சொன்னார். நானும் குரலைத் தணித்தேன். விபத்து நடந்த நேரத்தைத்தான் செய்தியில் போடுவோம், நமக்குப் போன் வந்த நேரத்தைப் போடமாட்டோம் என்றேன். கட்டண நிறுவனம் அனுப்பிய விவரத்தில் நேரம் இருக்கிறதா? இருக்கிறது. இந்த நாலு பேருக்கு மட்டும் அந்த நேரத்தை எடுத்துப் போட முடியுமா? முடியும். மாற்றும் முன் முழுப் பட்டியலையும் ஒரு பிரதி எடுத்து எனக்கு அனுப்ப முடியுமா? அனுப்பினார். அதைக் கல்லூரி அம்மாளுக்கு அனுப்பி, நடந்ததையும் நான்கு வரியில் எழுதினேன். அவர் கூப்பிட்டார்.

"பன்னெண்டு மணின்னு நீங்க போடறதா, அவங்க போட்டதா?"

"கட்டண நிறுவனம் போட்டது. நாங்க தொடலை."

"அறிவிப்புல என்ன எழுதியிருக்கீங்க, படிங்க."

பணம் கட்டிய நேர வரிசைப்படி என்று படித்தேன்.

"கட்டின நேரம்னுதானே இருக்கு? ஏறின நேரம்னு இல்லையே. சரி, மாத்துங்க." வைத்துவிட்டார். விதியைவிட்டு நகராதவர் அன்று முழுவதும் எங்களுக்குச் செய்த ஒரே உபகாரம் அதுதான். அது போதுமானதாக இருந்தது.

4:52க்குப் பட்டியல் மாறியது. அவள் இருபத்தாறாவது. மகள் திரையை விரலால் தொட்டு, வரிசையை மேலிருந்து எண்ணினாள். இருபத்தாறு என்று எழுதியிருந்தும் எண்ணினாள். பிறகு வெளியே படிக்குப் போய் அம்மாவுக்குப் போன் செய்தாள். "கெட்ச்சிடுச்சிம்மா" என்று ஒருமுறை கேட்டது. அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று தெரியவில்லை. இவள் வெகு நேரம் "ம்", "ம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

தகப்பனார் கடைக்காரரிடம் எவ்வளவு தரவேண்டும் என்று கேட்டார். கடைக்காரர் நாள் முழுக்க ஒரு சிஸ்டம் பிடித்துக்கொண்டதற்குக் கணக்குச் சொல்ல ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, பிரிண்ட் அவுட்டுக்கு மட்டும் வாங்கினார்.

நான் பட்டியலை இன்னொரு முறை பார்த்தேன். முன்பு முப்பத்தேழு முதல் நாற்பது வரை இருந்த நான்கு பெயர்கள் இப்போது நாற்பத்தொன்றிலிருந்து நாற்பத்து நான்கு. யாருக்கும் கட்டில் என்று சொல்லப்படவில்லை, ரசீது மட்டும்தான் கொடுக்கப்பட்டிருந்தது. நான்கு பேரும் பன்னிரண்டரைக்குப் பிறகு கட்டியவர்கள். விதிப்படி சரி. அந்த நான்கு பெயர்களும் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. இருபது நிமிடத்துக்கு முன்புவரை அவர்களுக்கு இடம் இருந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. ஒரு அரை மணிக் கணக்கைச் சரியாக வைத்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது.

சனிக்கிழமை முதலாளி மொட்டைத் தலையோடு போன் செய்தார். வீடியோ அழைப்பு என்பதால் தெரிந்தது. இரண்டாம் கட்டத்தை இலவசமாகச் செய்துகொடுத்துவிட்டீர்களாமே என்றார். கல்லூரிக்கு விலைப்பட்டியல் அனுப்புங்கள், நேற்று நடந்ததை இணைப்பாக வையுங்கள், கொடுப்பார்கள் என்றேன். கொஞ்சம் யோசித்தார். கட்டணப் பக்கத்தை ராகு காலத்துக்கு முன்பே திறந்து வைக்காதீர்கள் என்று நாசூக்காக ஒரு வரி எழுதிப் போட முடியுமா என்று கேட்டார். யாரும் படிக்கமாட்டார்கள் என்றேன். நீங்கள் எழுதினால் படிப்பார்கள் என்றார். அவர் இன்னும் மலையிலிருந்து முழுதாக இறங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். திங்களன்று புரோகிராமர் திரும்பும் பக்கத்தைத் திருத்தினார். லாகின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வந்த தகவலை முதலில் எழுதிக்கொள்ளும். ஆள் வரவே இல்லை என்றாலும் தானே போய்க் கேட்கும். இரண்டு மணி நேர வேலை.

புதன்கிழமை பஸ்ஸில் திருப்பதிக்குப் போய்க்கொண்டிருந்தபோது உதவி எண்ணுக்கு அழைப்பு வந்தது. அந்தப் பெண்தான்.

"மேடம், ஆஸ்டலுக்கு பக்கெட்டு நாம எட்துகினு போவணுமா, அவுங்களே குடுப்பாங்களா? வெப்சைட்ல தேடினேன், போடல."

விடுதிப் பக்கத்தைத் திறந்தேன். நான் எழுதியதுதான். காற்றோட்டமான அறைகள், சுத்திகரிக்கப்பட்ட குடிநீர், இருபத்து நான்கு மணி நேரப் பாதுகாப்பு. பக்கெட் இல்லை. கல்லூரி அம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டேன். பக்கெட், மக், பாய், தலையணை எல்லாம் அவரவர் கொண்டுவர வேண்டும், கட்டில் மட்டும் கல்லூரி என்றார். பூட்டும் வேண்டும் என்றார். பெண்ணைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"பூட்டு ஒண்ணா, ரெண்டா மேடம்?"

அதைக் கேட்க மறந்திருந்தேன். இரு, கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.